கான்டசாவுக்குக் கெடாத்தோல்

— அதுக்குள்ள டேஷ்போர்டு மேல இருக்க துணியத் தூக்காத அப்பு. பசை இன்னும் காயல.

— முந்தாநாளு போன் போட்டப்பவும் இதத்தான சொன்னீங்க பாய். அம்புட்டு நாளா காயாத பசை எது?

— நல்ல பசை. கெட்ட பசைதான் ஒடனே காயும். எண்பத்தொன்பதுல வடமதுரைப் பக்கமிருந்து ஒரு ஆர்மோனியக்காரன் வந்தான். துருத்திக்குத் தோலு போட்டுக் குடுத்தேன். செத்த நேரம் தொடாம இருடான்னேன், கேக்கல. தொட்டான், ஒட்டிக்கிச்சு. கையும் பொட்டியுமா பழனி வரைக்கும் போயி மூணு கச்சேரி வாசிச்சிட்டு வந்தான். நாலாம் நாளு பசை விட்டுச்சு. அது விட்ட நாளா அவனுக்கு வாசிப்பு வரல. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது என்ன.

— அது கெடக்கட்டும் பாய். பதினோரு மணிக்கு நான் மதுரை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். காளியம்மாள வீட்டுக்கு அனுப்புறாங்க. கார் சாவியக் குடுங்க.

— இன்னிக்கேவா? நாளைக்குன்னுல்ல சொன்ன.

— டாக்டரு நேத்து கூப்புட்டுச் சொல்லிட்டாரு. இனி இங்க வச்சிருக்க வேண்டியதில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு.

— ஏ ஜெய்தூன், இங்கிட்டு வா. நம்ம சங்கிலி வந்திருக்கான், பொஞ்சாதிக்குச் சொகமாயிருச்சாம். டீயக் கொண்டா.

— கேட்டுக்கிட்டேதான் வாரேன். அல்லா காப்பாத்திட்டான். இந்தாங்க தம்பி, டீ. ஆமா, நல்ல சேதிய ஏன் இழவு சொல்ற மாதிரி சொல்றீங்க? மொகத்தக் கண்ணாடில பாத்தீங்களா?

— தூக்கம் இல்லக்கா. வேற ஒண்ணுமில்ல.

— எட்டு மாசமா ஆஸ்பத்திரிப் படி ஏறி எறங்குனா யாருக்குத்தான் தூக்கம் வரும். இனிமே தூங்குங்க. ஏங்க, தம்பி நின்னுக்கிட்டே இருக்காரு, அந்த ஸ்டூல எடுத்துப் போட்டா என்ன?

— ஸ்டூல்ல உக்காந்தா எந்திரிக்க மாட்டான். அது நான் தைச்ச சீட்டு. அப்பு, ஒரு ஜீப்பு விசயம் உங்கிட்டச் சொல்லியிருக்கேனா? இப்பிடித்தான் ஒரு ஜீப்புக்கு ஆட்டுத் தோலுல சீட்டுப் போட்டேன். தோலு எதுன்னா, மந்தைக்கு முன்னால நடக்குமே, மணி கட்டுன கெடா, அதோடது. எனக்குத் தெரியாது. வண்டி நத்தம் ரோட்டுல போகுது, வழியில மேஞ்ச ஆடு அம்புட்டும் பின்னாலயே வருது. வண்டி நின்னா நிக்குது, ஓட்டுனா ஓடுது. டீசல் போட பங்க்குல நிறுத்துனான், இருநூறு ஆடும் வரிசையில நின்னுச்சு.

— தம்பி, அந்த ஜீப்ப ஓட்டுனது எங்கண்ணன்தான். ஆடு ஒண்ணும் வரல. பின்னால வந்தது போலீசு.

— ஆடு வந்துச்சு. போலீசு ஆட்டுக்குப் பின்னால வந்துச்சு. ஒங்கண்ணன் திரும்பிப் பாக்கையில ஆடு பிரிஞ்சு போயிருக்கும்.

— பாய், எனக்கு நேரமாகுது.

— இந்த மனுசன் ஒரு ஆளு நேரமாகுதுன்னா ரெண்டு கதை சொல்லுவாரு தம்பி. எதையோ மறைக்கிறாருன்னு அர்த்தம். நாப்பத்தஞ்சு வருசமாப் பாக்குறேன்.

— நீ சும்மா இரு ஜெய்தூன். அப்பு, வேலை எப்பிடி நடந்துச்சுன்னு மொதல்ல கேளு, அப்புறம் பாரு. டேஷ்போர்டக் கழட்டி வெயில்ல வச்சுப் பாத்தேன். பதினாலு வெடிப்பு. சின்னதுதானன்னு மேல அப்பிடியே தோலப் போத்தினா ஆறு மாசத்துல வெடிப்பு தோலுக்கு மேல வந்து நிக்கும். அதனால ஒவ்வொரு வெடிப்பையும் கத்தியால இன்னும் அகலமாக் கீறி விட்டேன். பாக்குறவனுக்கு வயிறு எரியும். கீறுனாத்தான் பூசுற பட்டி உள்ள எறங்கிப் புடிக்கும். எறக்கி, காய வச்சு, உப்புத்தாளு போட்டுத் தேச்சு, கண்ண மூடிக்கிட்டுத் தடவுனேன். கண்ணத் தொறந்துக்கிட்டுத் தடவுனா கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது. அதுக்கு மேல மெல்லிசா ஸ்பாஞ்சு. அதுக்கு மேலதான் தோலு.

— கை பொய் சொல்லாதுன்னா சரிதான் பாய். அவளும் கையாலதான் பாப்பா.

— ஏன் தம்பி, காளியம்மாளுக்குக் கண்ணுல எதுவும்...

— இல்லக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு அந்த எடத்துல கைய வச்சுத்தான் பழக்கம். நான் புகையில மண்டி மொதலாளிக்கு முப்பது வருசம் இந்தக் கான்டசா கார ஓட்டுனேன்ல. அம்புட்டு வருசமும் அவ இதத் தொடைச்சிருக்கா, ஒருநாளும் ஏறுனதில்ல. மொதலாளி பிள்ளைக வெளிநாட்டோட தங்கிட்டாங்க, அவரும் போயிட்டாரு, வண்டிய எங்கிட்டயே குடுத்துட்டாங்க. அன்னிக்குத்தான் மொத மொதலா முன் சீட்டுல ஏறி உக்காந்தா. உக்காந்து ரெண்டு கையையும் டேஷ்போர்டுல வச்சுக்கிட்டா. ஏன்டி இப்பிடிப் புடிச்சிருக்கன்னு கேட்டேன். நீ ஓட்டுற லட்சணத்துக்கு வேற எதப் புடிக்கிறதுன்னா. முப்பது வருசம் மொதலாளி ஒரு கொறை சொன்னதில்ல. இவ மொத நாளே சொல்லிட்டா.

— பொம்பளைங்க அப்பிடித்தான் அப்பு. எங்கிட்ட இருக்கறவ கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சா.

— வாசல்ல நெழலு கெடையாது. வெயில்ல நின்னு நின்னு டேஷ்போர்டு வெடிச்சுப் போச்சு. வெடிப்புல அவ கண்ணாடி வளையலு மாட்டிக்கிரும். தெனம் வஞ்சுக்கிட்டே வருவா. ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல மாட்டுறது நின்னுபோச்சு. என்னடான்னு பாத்தா, கை மெலிஞ்சு வளையலு முழங்கை வரைக்கும் ஏறிக் கெடக்கு.

— அல்லாவே. சொல்லாதீங்க தம்பி. அதான் சொகமாயி வரப்போகுதே, ஒடம்பு தேறிரும். நான் ஒரு எலும்புச் சாறு வச்சுத் தாரேன், எடுத்துட்டுப் போங்க.

— கறி சாப்புட மாட்டாக்கா. தொர போனதுல இருந்து வேணாமுன்னுட்டா.

— தொர யாரு?

— அதான் ஜெய்தூன், கெடா. நான் சொல்லல? சாமிக்கு விட்ட கெடா.

— நீங்க எங்கிட்டச் சொல்ற பத்துல ஒம்போது பொய்யா இருக்கும். நான் எதையும் காதுல வாங்குறதில்ல. நீங்க சொல்லுங்க தம்பி.

— கட்டின்னு தெரிஞ்ச அன்னிக்கு, ஆஸ்பத்திரில இருந்து வாரப்ப அய்யலூர் சந்தையில வண்டிய நிறுத்தச் சொன்னாக்கா. எறங்கிப் போயி ஒரு கெடாக்குட்டியத் தூக்கிட்டு வந்து மடியில வச்சுக்கிட்டா. வீட்டுக்குப் போகல. நேரா எங்க கருப்பசாமி கோயிலுக்குப் போயி, எனக்கு இது சரியாயிருச்சுன்னா இந்தக் கெடாவ உனக்கு வெட்டுறேன்னு மஞ்சத்தண்ணி தெளிச்சு நேந்து விட்டா. அது தரையில கெடக்கற தழையத் திங்காது. கையில ஒடிச்சுக் குடுத்தாத்தான் திங்கும். அதனால தொரன்னு பேரு வச்சா. ஊசி போட்டு வந்து வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடப்பா, அப்பவும் சாயங்காலம் எந்திரிச்சுப் போயி தொரைக்கு அகத்திக்கீரை ஒடிச்சுக் குடுப்பா. ஒருநா கம்பி வேலியத் தாண்டி முதுகக் கிழிச்சுக்கிட்டு வந்தான். வெளக்கெண்ணெயும் மஞ்சளும் கொழப்பித் தடவி, பத்து நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தா. என்னைய ஒருநா அப்பிடிப் பாத்ததில்ல.

— அம்புட்டு ஆசையா வளத்துட்டு எப்பிடி மனசு வந்துச்சு வெட்ட?

— ஒடம்பு சரியாயிட்டா வெட்டணும்ல அக்கா. நேந்தது நேந்ததுதான.

— அது சரிதான்.

— போன மாசம் நான் ஆஸ்பத்திரில போயி, ஒனக்குச் சரியாயிருச்சு, தொரைய வெட்டியாச்சுன்னு சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. படுத்தபடியே, தோலு எங்கன்னா. கோயில்ல ஏலம் விட்டாங்க, நானே எடுத்துட்டேன், டேஷ்போர்டுக்குப் போடக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். அப்பத்தான் திரும்புனா. அப்ப அவன் மேல கைய வச்சுக்கிட்டே ஊருக்கு வரலாம்னா.

— ஏங்க, கேட்டீங்களா? இதக் கேட்டுட்டுமா பசை காயலங்குறீங்க? துணிய எடுங்க.

— எடுக்கறேன். எடுக்கறேன்னு சொல்றேன்ல. இரு அப்பு, நான் எடுக்கறேன். ஓரத்துல புடிச்சு இழுத்தா நூலு மாட்டும். இந்தா. பாத்துக்க.

— ஏ அப்பா.

— ஆட்டுத்தோலு அகலம் பத்தாது. அதனால மூணு துண்டு. ரெண்டு எடத்துல தையலு. சாயம் போடல. தோலப் பதப்படுத்துற ஆவாரம்பட்டை குடுத்த நெறம்தான், எண்ணெய் மட்டும் தேச்சிருக்கேன். மொதலாளி இருந்திருந்தா மண்டிய எழுதி வச்சிருப்பாரு.

— நல்லா இருக்கு பாய். புது வண்டியில கூட இப்பிடி வராது. அவ கை வைக்கிற எடம் இங்கதான். இந்தப் பக்கம். இங்க... பாய்.

— என்ன அப்பு?

— இது என்னது?

— எது?

— இது. கொக்கி மாதிரி. மேடா இருக்கு.

— அதான அது? கம்பி வேலி கிழிச்ச தழும்பு. தோலு குடுக்க வந்தப்ப நீதான சொன்ன, இடது பக்கம் முதுகுல, கொக்கி மாதிரின்னு. அத நடுத்துண்டுல, காளியம்மா கை வைக்கிற எடத்துல வர்ற மாதிரி வெட்டுனேன். தேடிக் கண்டுபுடிச்சு வச்சேன்.

— எப்பிடி வந்துச்சு இது?

— தோலோட வந்துச்சு.

— வராது பாய்.

— ஏன் வராது? ஆட்டுல இருந்தது தோலுல இருக்காதா? ஒரு தடவ புலித் தோலு ஒண்ணு எங்கிட்ட வந்துச்சு...

— பாய். புலி கெடக்கட்டும். இந்தத் தழும்பு எப்பிடி இங்க வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

— ஏங்க. அவரு டீயக் கூடக் குடிக்காம தழும்பையே தடவுறாரு பாருங்க. என்ன பண்ணி வச்சீங்களோ அதச் சொல்லிருங்க.

— டீ டம்ளர வாங்கி வையி ஜெய்தூன். அப்பு, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. உக்காந்தாத்தான் சொல்லுவேன்.

— சொல்லுங்க.

— நீ உப்பு போட்டு மடிச்சு சாக்குல கட்டிக் குடுத்த. நான் பிரிச்சுக் கூடப் பாக்கல, அப்பிடியே தோலு பதப்படுத்துற ஷாப்புக்குக் கொண்டு போனேன். அங்க வழக்கம் என்னன்னா, தனியா குடுக்கற தோலுன்னா கத்தி முனையால ஓரத்துல ஓட்டை போடுவான். அவனவன் தோலுக்கு அவனவன் ஓட்டை. அந்த மேஸ்திரி கத்திய எடுத்தான். நான் வேணாமுன்னுட்டேன். இது சாமிக்கு விட்ட ஆடு, இதுல ஓட்டை போடாத, மரியாதையா இருக்கட்டும்னு சொல்லி, சின்னாளப்பட்டிக்காரரு ஒருத்தரு குடுத்த பட்டு நூலு எங்கிட்ட இருந்துச்சு, செகப்பு, அத ஒரு கால்ல கட்டி விட்டேன். மேஸ்திரி சிரிச்சான். நான் அவன் சிரிப்பக் கண்டுக்கல. அறுபது வருசமா நூலுல பொழைக்கிறவன், நூலு கைவிடாதுன்னு ஒரு நெனப்பு. முடிய உதுக்குற சுண்ணாம்புத் தொட்டி பட்டையும் தின்னு போடும்னு எனக்குத் தெரியாமப் போச்சு அப்பு. தோலு வெளிய வாரப்ப நூலு இல்ல. எல்லாம் ஒண்ணு போல வெள்ளையாக் கெடக்கு.

— மொத்தம் எத்தன தோலு?

— நானூத்திப் பதினேழு தோலு. மூணு நாளு. காலையில நாஸ்டாவ முடிச்சுட்டுப் போனா சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் வருவேன். ஒவ்வொண்ணா விரிச்சு, கண்ண மூடிக்கிட்டு, இடது பக்கம் முதுகுல தடவுவேன். முள்ளுக் கிழிச்சது இருந்துச்சு, நாய் கடிச்சது இருந்துச்சு, ஒண்ணுல சூடு போட்ட தடம் கூட இருந்துச்சு. கொக்கி மாதிரி ஒண்ணு இல்ல. மேஸ்திரி வந்து, பாய், ஏதோ ஒண்ணக் கொண்டு போங்க, ஆடு வந்து கேக்கவா போகுதுன்னான். அவன அடிக்கக் கை ஓங்கிட்டேன். எனக்கு எழுபத்தொண்ணு. அவன் பதிலுக்கு ஓங்கல, அந்த மட்டுக்கும் நல்லவன்.

— இதத்தானா மூணு நாளும் ஜமாத்துக் கூட்டம்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனீங்க?

— ஆமா. கடைசில ஒரு நல்ல தோலா எடுத்து வந்தேன். குத்தூசியக் காச்சித் துண்டுத் தோலுல கீறிக் கீறிப் பாத்தேன். மொத ஒண்ணு தையலு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது எழுத்து மாதிரி. பதினோராவது துண்டுலதான் ஆறிப்போன காயம் மாதிரி வந்துச்சு. அப்புறம் இதுல போட்டேன். அறுபது வருசத்துல எம்புட்டோ கிழிசல மறைச்சிருக்கேன் அப்பு. இல்லாத காயத்த உண்டாக்குனது இதான் மொதத் தடவ. இதுல தொர இல்ல. அவன நான் தொலைச்சுட்டேன்.

— பாய்...

— இரு, முடிச்சுக்கிறேன். நான் ஊரெல்லாம் பொய் சொல்லுவேன். கேக்குறவனுக்கும் அது பொய்யின்னு தெரியும், எனக்கும் தெரியும், சிரிச்சிட்டுப் போவாங்க. இது அப்பிடி இல்ல. சாவு வாசல் வரைக்கும் போயித் திரும்பி வந்த பிள்ள. அவ வந்து இந்தத் தழும்பத் தடவிக்கிட்டு, தொரன்னு கூப்புடுவா. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. இப்ப நானும் ஒன்கூட மதுரைக்கு வாரேன். வண்டியில ஏறும்போதே நானே அவகிட்டச் சொல்லிர்றேன். அம்மா, ஒங்கெடா தோலத் தொலைச்ச பாவி நான்தான், இது வேற ஆடு, இந்தத் தழும்பு நான் கீறுனது, என்னைய வையின்னு. சரியாகி வர்ற மனுசிக்கு வையத் தெம்பு இருக்கும்.

— அது நல்லது தம்பி. நானும் வாரேன். வஞ்சாலும் சேந்து வாங்கிக்கிறோம்.

— வேணாம்.

— அப்பு, கோவமாப் பேசு, கேட்டுக்கிறேன். ஆனா நான் சொல்லாம இருக்க மாட்டேன். சட்டைய மாட்டிட்டு வாரேன்.

— வேணாம் பாய். ஒங்க கால்ல விழுறேன், அவகிட்ட எதையும் சொல்லிராதீங்க.

— ஏய், என்னப்பா இது. எந்திரி. ஜெய்தூன், தண்ணி கொண்டா.

— தண்ணி வேணாம்கா. நீங்களும் நில்லுங்க. பாய், நானூறு தோலில்ல, நாலாயிரம் தோலத் தடவியிருந்தாலும் அந்தத் தழும்பு ஒங்க கைக்குக் கெடச்சிருக்காது. நான் குடுத்ததுல அது இல்ல. ரவுண்ட்ரோட்டுக் கறிக்கடையில ஒரு ஞாயித்துக்கெழம நான் கேட்டு வாங்குன தோலு அது. அவன் காசு கூட வாங்கல. எந்த ஊரு ஆடுன்னு கூட எனக்குத் தெரியாது.

— என்ன சொல்ற அப்பு?

— அவ தழும்பத் தேடுவாளே, தையல் மடிப்புக்குள்ள போயிருச்சுன்னு சொல்லிக்குவோம்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். துணிய எடுத்தா, அவ கை வைக்கிற எடத்துல அச்சா அதே தழும்பு. நான் சொல்லத் தெரியாம முழிச்ச பொய்ய, நீங்க கையால செஞ்சு வச்சிருக்கீங்க.

— அப்ப தொர?

— நத்தத்துல எந்தங்கச்சி மாந்தோப்புல கட்டிக் கெடக்கான். தழைய ஒடிச்சுக் கையில குடுக்க ஆளில்லாம எளைச்சுப் போயிட்டானாம்.

— நல்ல கதையா இருக்கே தம்பி. உசுரோட இருக்கறத வெட்டியாச்சுன்னு அந்தப் பிள்ளையிட்ட ஏன் சொல்லணும்?

— எட்டு மாசமா நானு, எம்மக மாலதி, நர்சம்மா எல்லாருமே ஒனக்குச் சரியாயிரும்னு சொல்றோம்கா. எதையும் நம்பல. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, தொரைய வெட்டிட்டியான்னு. இல்லம்பேன். செவுத்தப் பாத்துத் திரும்பிக்குவா. போன மாசம் வெட்டியாச்சுன்னு சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்து, தொட்டுக்க வெஞ்சனம் என்னன்னு கேட்டு ரெண்டு வாய் சோறு தின்னா.

— அப்பு, நான் ஒண்ணு கேக்குறேன். நல்லாயிருச்சுன்னுதான டாக்டரு வீட்டுக்கு அனுப்புறாரு? நேந்தபடி இப்பயாவது அந்தக் கெடாவ வெட்டிட்டாப் பொய்யே இல்லாமப் போயிருமே.

— நல்லாயிருச்சுன்னு அவகிட்டச் சொல்லிட்டேன் பாய். கருப்பசாமிகிட்டயும் போயி அந்தப் பொய்ய எப்பிடிச் சொல்றது?